ரேடியேட்டர் ஃபேனுக்குத் தெர்மோ சுவிட்ச்: சோழவந்தான் தோப்பு வண்டியில் செய்த வேலை

டேஷ்போர்டில் ஒரு சுவிட்சை வைத்து, ரேடியேட்டர் ஃபேனைக் கையால் போட்டு அணைப்பது நம் ஊரில் சகஜம். பழைய அம்பாசடருக்கோ பத்மினிக்கோ எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டிக் கொடுப்பவர்கள் பலர் அதோடு வேலையை முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வண்டி ஓட்டுகிறவரின் கண் ரோட்டில் இருக்கும், மீட்டரில் இருக்காது. எஞ்சின் சூடேறியது தெரிந்து கை சுவிட்சுக்குப் போவதற்குள் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிடும், அதன் அடியில் இருக்கும் கேஸ்கட் போய்விடும். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைத் தண்ணீருக்குள் இருக்கும் ஒரு சாமான்தான் பார்க்க வேண்டும். அதுதான் தெர்மோ சுவிட்ச், குறித்த சூடு வந்ததும் ஃபேனைத் தானாகப் போடும். சாமான் சின்னது, விலையும் பெரிதில்லை. ஆனால் அதை எந்த இடத்தில் வைக்கிறோம், எத்தனை டிகிரியில் வாங்குகிறோம் என்ற இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். இடத்தை மாற்றினால் டிகிரியும் மாறும். கடையில் கொடுத்ததை வாங்கி, கிடைத்த ஓட்டையில் மாட்டினால் ஃபேன் ஓடத்தான் செய்யும், ஆனால் ஓட வேண்டிய நேரத்தில் ஓடாது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மச்சானும் நானும் சேர்ந்து சதுரக் குழாயில் சட்டம் பற்றவைத்துக் கட்டிய திறந்த இரண்டு இருக்கை வண்டி இது. இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் என்ற காரைப் பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். 1973லிருந்து கேட்டர்ஹாம் நிறுவனம் அதைத் தொடர்ந்து செய்கிறது. முன்னால் எஞ்சின், பின் சக்கரத்துக்கு ஓட்டம், தாழ்ந்த மூக்கு, கதவும் கூரையும் கிடையாது. அந்த அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டோம். எஞ்சினும் கியர் பாக்ஸும் காயலான் கடையில் கிடைத்த ஒரு பிரீமியர் பத்மினியுடையவை. 1089 சிசி, நான்கு சிலிண்டர். மும்பை குர்லா தொழிற்சாலையில் 1964 முதல் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் இல்லாமல் தயாரான எஞ்சின் என்பதால், சாமான்கள் இன்றும் தேடினால் கிடைக்கின்றன. பதிவு எண் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் சோழவந்தான் பக்கம் மாமாவுடைய தென்னந்தோப்புக்குள்ளும் அதை ஒட்டிய தரிசிலும் மட்டும்தான் ஓட்டுகிறோம்.

தோப்புக்குள் ஓட்டுவதுதான் ரேடியேட்டருக்குப் பெரிய சோதனை. நாற்கரச் சாலையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டிக்குக் காற்று தானாக வந்து மோதும், ஃபேனே தேவைப்படாது. தென்னை வரிசைக்கு நடுவே முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து போகும்போது எஞ்சின் முக்கிக்கொண்டிருக்கும், காற்றோ வராது. பத்மினியில் ஃபேன் எஞ்சினுக்கு முன்னால் பெல்ட்டில் சுழலும், அதன் முன்னாலேயே ரேடியேட்டர் நிற்கும். எங்கள் வண்டியில் ரேடியேட்டர் மூக்கின் நுனிக்குப் போய்விட்டது. எஞ்சினுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி. பெல்ட் ஃபேன் அங்கிருந்து இழுத்தால் எஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். அதனால் அதைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேனுக்குப் போனோம். இந்த எஞ்சின் பிறந்ததிலிருந்து எலெக்ட்ரிக் ஃபேனைக் கண்டதில்லை. அதனால் தெர்மோ சுவிட்ச் மாட்டவும் அதில் இடம் கிடையாது.

ஃபேனுக்கு முன்னால் கரண்ட் விஷயத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. எஞ்சினோடு வந்தது டைனமோ. டைனமோ ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றுமே சார்ஜ் செய்யாது. ஃபேன் அதிகம் ஓடப்போவதும் ஐட்லிங்கில்தான். இரண்டும் சேர்ந்தால் பேட்டரி படுத்துவிடும். அதனால் ஐட்லிங்கிலும் சார்ஜ் செய்யும் மாருதி 800உடைய ஆல்டர்னேட்டருக்கு ஒரு பிராக்கெட் அடித்து மாட்டினோம். டைனமோ உள்ள வண்டியில் எலெக்ட்ரிக் ஃபேன் போட நினைப்பவர்கள் இந்த வேலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ரேடியேட்டரும் ஃபேனும் மாருதி 800 சாமான்களே. மூக்கின் அகலத்துக்குச் சரியாக உட்கார்ந்தன, எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும் வகை. இந்த மோட்டாரின் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும், ஆனால் இறக்கைகளின் வளைவு ஒரு திசைக்குத்தான் செதுக்கப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் காற்று வரும், பாதிக்கூட வராது. சத்தத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஃபேனை ஓடவிட்டு ரேடியேட்டரின் முன்பக்கத்தில் ஒரு தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சரியான திசை என்றால் தாள் மடமடவென்று போய் வலைமேல் ஒட்டிக்கொண்டு கையை விட்டாலும் விழாது. எங்கள் ஃபேன் ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் 8 ஆம்பியர் காட்டியது. கிளம்பும் அந்தக் கணத்தில் அதைவிடப் பல மடங்கு ஏறி இறங்கும். ஒயருக்கும் ஃபியூஸுக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை.

இப்போது முக்கியமான கேள்வி. சுவிட்சை எங்கே வைப்பது? எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் மேல் ஹோஸிலா, ரேடியேட்டரில் ஆறி எஞ்சினுக்குத் திரும்பும் கீழ் ஹோஸிலா?

கம்பெனி வண்டிகளில் பல ரேடியேட்டரின் தொட்டியிலேயே, ஆறிய தண்ணீர் நிற்கும் பக்கத்தில் சுவிட்சை வைத்திருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. ரேடியேட்டரால் தானாக ஆற்ற முடிகிறவரை கீழே தண்ணீர் குளிர்ந்தே இருக்கும், ஃபேன் வீணாக ஓடாது. தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் சுவிட்ச் முங்கியே இருக்கும். ஆனால் அந்த இடத்துக்கு ஏற்ற டிகிரி குறைவாக இருக்க வேண்டும். ரேடியேட்டருக்குள் நுழையும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் சும்மா ஐந்து, பத்து டிகிரி வித்தியாசம் இருக்கும். கீழ் ஹோஸில் 92 டிகிரி சுவிட்சைப் போட்டால், அது விழிக்கும்போது எஞ்சினிலிருந்து வெளியேறும் தண்ணீர் 100ஐ நெருங்கியோ தாண்டியோ இருக்கும். கீழே வைப்பதென்றால் 82, 85 என்று தேடி வாங்க வேண்டும். எங்களுக்குக் கடைகளில் எளிதாகக் கிடைத்தவை 90ஐ ஒட்டியவைதான்.

மேல் ஹோஸ் எஞ்சினின் உண்மையான சூட்டை நேராகக் காட்டும். அதற்குள்ள ஒரே ஆபத்து காற்று. தண்ணீர் குறைந்தாலோ, நிரப்பும்போது காற்று அடைபட்டாலோ முதலில் காலியாவது மேல் ஹோஸ்தான். சுவிட்சைச் சுற்றித் தண்ணீருக்குப் பதில் காற்று நின்றால், எஞ்சின் கொதித்தாலும் சுவிட்சுக்கு அது எட்டுவதற்கு வெகுநேரம் ஆகும்.

எங்கள் வண்டியின் அமைப்பு இந்த ஆபத்தைக் குறைக்கிறது. மூக்கு தாழ்ந்திருப்பதால் ரேடியேட்டரின் நுழைவாய் எஞ்சின் ஹெட்டைவிடக் கீழே இருக்கிறது. மேல் ஹோஸ் ஹெட்டிலிருந்து சரிந்து இறங்கி ரேடியேட்டருக்குப் போகிறது. காற்று அடைபட்டால் ஹெட் பக்கத்து உச்சியில் அடைபடும், ரேடியேட்டர் முனையில் தண்ணீர் கடைசிவரை நிற்கும். அதனால் மேல் ஹோஸ்தான், ஆனால் ரேடியேட்டருக்கு மிக அருகில், தாழ்ந்த முனையில் என்று முடிவு செய்தோம். சுவிட்ச் குழாயின் மேல்பக்கத்தில் இருக்கக் கூடாது, காற்றுக் குமிழ் அங்கே தங்கும். நேர் கீழேயும் வேண்டாம், துருவும் கசடும் வந்து படியும். பக்கவாட்டில், கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தோம்.

அடுத்தது டிகிரி. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட் வால்வு. எங்களுடையதில் 82 என்று அடித்திருந்தது. அந்தச் சூட்டில்தான் அது திறக்கத் தொடங்கும், அதற்குமேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறினால்தான் முழுதாகத் திறக்கும். ஃபேன் சுவிட்ச் வால்வின் எண்ணைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும். 82 வால்வுக்கு 82 சுவிட்சை மேல் ஹோஸில் வைத்தால், வால்வு எஞ்சினைச் சூடாக வைக்கப் பார்க்கும், ஃபேன் ஆற்றப் பார்க்கும், ஃபேன் நிற்கவே நிற்காது. நாங்கள் எடுத்தது 92-87 என்று பொறித்த சுவிட்ச். முதல் எண் ஃபேனைப் போடும் சூடு, இரண்டாவது அணைக்கும் சூடு. உள்ளே இரண்டு உலோகங்கள் ஒட்டிய ஒரு சின்ன வட்டத் தகடு இருக்கிறது. இரண்டு உலோகமும் சூட்டில் வெவ்வேறு அளவு நீளும், ஓர் அளவுக்குமேல் தகடு டக்கென்று மறுபக்கம் வளைந்து தொடர்பைச் சேர்க்கும். ஆறும்போது அதே சூட்டில் திரும்பாமல் சில டிகிரி குறைந்த பிறகே திரும்பும். அந்த ஐந்து டிகிரி இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் நொடிக்கொரு தரம் போட்டு அணையும், சுவிட்சின் சிறு கரண்டை வைத்து ஃபேனின் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ரிலே சீக்கிரம் கருகிவிடும்.

92க்குமேல் கொதிக்கும் சூடு வரை இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று இருக்கிறது. அதாவது வெளிக் காற்றழுத்தத்தைவிட 0.9 பார் கூடுதல் அழுத்தம் வரை மூடி பிடித்து நிற்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். 92இல் ஃபேன் விழித்தால், வேலை செய்ய அதற்குப் போதுமான இடம் இருக்கிறது. மூடியின் ரப்பர் காய்ந்துபோயிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதனால் மூடியைப் புதிதாகவே வாங்கினோம்.

வாங்கிய சுவிட்சை அப்படியே மாட்டக் கூடாது, சோதித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வேன். தேவை ஒரு பழைய பாத்திரம், 110 டிகிரி வரை காட்டும் கண்ணாடித் தெர்மாமீட்டர், மல்டிமீட்டர், அடுப்பு. சுவிட்சின் பித்தளை மூக்கு மட்டும் தண்ணீரில் முங்கும்படி ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒயர் மாட்டும் முனை நனையக் கூடாது, சுவிட்ச் பாத்திரத்தின் அடியைத் தொடவும் கூடாது. தொட்டால் அடுப்பின் சூட்டைத்தான் காட்டும். தெர்மாமீட்டரின் குமிழும் அதே ஆழத்தில், அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முள்ளை முனையிலும் மற்றொன்றைச் சுவிட்சின் உடம்பிலும் மாட்டிவிட்டு, தீயைக் குறைத்து, கரண்டியால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 85க்குமேல் ஒவ்வொரு டிகிரியும் மெல்ல ஏறினால்தான் எண் நம்பகமாக இருக்கும்.

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் முதலில் வாங்கிய சுவிட்ச் இந்தப் பாத்திரத்தில்தான் மாட்டிக்கொண்டது. 92 தாண்டியது, 95 தாண்டியது, தண்ணீர் தளதளவென்று கொதித்தது, பீப் வரவே இல்லை. மேலே அழகாக 92-87 என்று பொறித்திருந்தது. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தோம், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது சுவிட்ச் 93இல் பீப் அடித்தது. அடுப்பை அணைத்து ஆறவிட்டபோது 86இல் பீப் நின்றது. திரும்பச் சூடாக்கினாலும் அதே எண்கள். அதே பாத்திரத்தில் தெர்மோஸ்டாட் வால்வையும் போட்டுப் பார்த்தோம். 82, 83இல் விளிம்பில் மெல்லிய கோடாகத் திறந்து, பிறகு நிதானமாக முழுதும் திறந்தது.

இந்தச் சோதனையில் தெர்மாமீட்டரையே சரிபார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம்தான், தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கும்போது தெர்மாமீட்டர் 97 காட்டினால் மூன்று டிகிரி குறைத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானலில் இருப்பவர்கள் இதைச் செய்தால் கணக்கு வேறு. 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 95 டிகிரி சுவிட்சைத் திறந்த பாத்திரத்தில் போட்டு எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அங்கே அது பீப் அடிக்காது. நல்ல சுவிட்சைக் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

சரி, சுவிட்ச் கையில் இருக்கிறது, ஹோஸில் அதை மாட்டுவது எப்படி? நாங்கள் வாங்கிய ரேடியேட்டரின் தொட்டி பிளாஸ்டிக். அதில் துளை போடவும் முடியாது, எதையும் பற்றவைக்கவும் முடியாது. மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஓர் உலோக இணைப்பைச் செருகி, அதில் சுவிட்சை முடுக்குவதுதான் வழி. அலுமினியத்தில் ரெடிமேடாகவும் விற்கிறார்கள். எங்களுக்கு அளவு சரியாக வேண்டியிருந்ததால் தெரிந்த கடைசல் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினோம்.

45 மி.மீ. பித்தளை உருளை ஒன்றை எடுத்து நடுவில் 26 மி.மீ. துளை போட்டார் அண்ணன். இரண்டு முனைகளையும் ஹோஸின் உள்விட்டத்துக்கு ஏற்ப 32 மி.மீ. ஆக இறக்கி, ஓரத்தில் சின்ன வரம்பு விட்டார். வரம்பு இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும்போது ஹோஸ் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். நடுப்பகுதியை அப்படியே தடிமனாக விட்டு, அதன் ஒரு பக்கத்தை மட்டும் தட்டையாக்கி, துளை போட்டு 16 மி.மீ., 1.5 பிட்ச் மரை வெட்டினார். ஜப்பானிய வண்டிகளுக்கான சுவிட்சுகளில் இந்த மரை அதிகம் வரும். சுவர் ஒன்பது மி.மீ. தடிமன் இருப்பதால் ஆறு சுற்று மரை கிடைத்தது. இங்கே இன்னொரு அளவையும் பார்க்க வேண்டும். சுவிட்சின் மூக்கு சுவரைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டு ஓடும் தண்ணீரில் நிற்க வேண்டும். மரைத் துளைக்குள்ளேயே மூக்கு ஒடுங்கி நின்றால், தேங்கி நிற்கும் தண்ணீரைத்தான் அளக்கும், எஞ்சின் சூடேறி வெகுநேரம் கழித்துத்தான் விழிக்கும். எங்கள் சுவிட்சின் மூக்கு குழாய்க்குள் அரை விரல்கடை அளவு நீண்டு நின்றது.

மரை வெட்டி முடித்த அண்ணன் சுவிட்சைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல ஒரு முனைதான இருக்கு. ரெண்டு பக்கமும் ரப்பரு. ஏர்த் எங்கருந்து வருது?" என்று கேட்டார்.

"அதுக்கும் ஒரு ஓட்டை போட்டுருங்கண்ணே. அஞ்சு எம்எம் ஸ்க்ரூ மாட்டணும்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த டிரில்லை எடுத்தார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒற்றை முனை சுவிட்ச் தன் உடம்பு வழியாகத்தான் ஏர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த சட்டத்தை, தேடும். எஞ்சினிலோ உலோகத் தொட்டியிலோ நேரடியாக முடுக்கியிருந்தால் அது தானாகக் கிடைக்கும். ஹோஸுக்கு நடுவில் இருக்கும் இணைப்புக்கு இரண்டு பக்கமும் ரப்பர், சட்டத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது. சுவிட்ச் ஒழுங்காகச் சேர்ந்தாலும் கரண்ட் போக வழி இருக்காது. கூலண்ட் வழியாக ஏதோ கொஞ்சம் கசியும், அதை நம்பி ரிலே இழுக்காது. அதனால் இணைப்பின் உடம்பிலேயே ஒரு திருகு, அதில் வளையம் போட்ட லக், அங்கிருந்து சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்துக்கு ஒரு கருப்பு ஒயர். இரண்டு முனை உள்ள சுவிட்ச் வாங்கினால் இந்த வேலை மிச்சம், ஒரு முனையை ஏர்த்துக்குக் கொடுத்துவிட்டால் போதும்.

சுவிட்சை முடுக்கும்போது மரையில் டெஃப்ளான் டேப் சுற்ற வேண்டாம். இது நேர் மரை, தண்ணீரை அடைப்பது வாஷர்தான், மரை இல்லை. டேப் சுற்றினால் ஒற்றை முனை சுவிட்சுக்கு ஏர்த்தும் கெடலாம். செம்பு வாஷரைத் தணலில் பிடித்துச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு எடுத்தோம். அப்படிச் செய்தால் செம்பு இளகி, முடுக்கும்போது நன்றாக அமுங்கிக்கொடுக்கும். இரும்பைச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்புக்கு அது நேர்மாறு.

ஒயரிங் நான்கு முனை ரிலே ஒன்றோடு முடிந்துவிடும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரிக்கு முடிந்தவரை அருகில். அங்கிருந்து 4 சதுர மி.மீ. ஒயர் ரிலேயின் 30ஆம் முனைக்கு. 87ஆம் முனையிலிருந்து அதே தடிமனில் ஃபேனுக்கு, ஃபேனின் மறுமுனை சட்டத்துக்கு. இவை மூன்றும் தடித்த ஒயர். ரிலேயின் காயில் கால் ஆம்பியர்கூட எடுக்காது என்பதால் மற்றதெல்லாம் மெல்லிய ஒயர் போதும். 86ஆம் முனைக்கு இக்னிஷன் சாவி போட்டால் வரும் 12 வோல்ட், 85ஆம் முனையிலிருந்து தெர்மோ சுவிட்சுக்கு. அதாவது சுவிட்ச் ஏர்த் பக்கத்தில் நிற்கிறது. சுவிட்சுக்குப் போகும் ஒயர் வண்டியின் மூக்கு வரை நீளமாகப் போகிறது. எங்கேயாவது உரசித் தோல் உரிந்து சட்டத்தில் பட்டால் என்ன ஆகும்? ரிலே இழுத்து ஃபேன் ஓடும், அவ்வளவுதான். அதே ஒயரில் நேரடி பாசிட்டிவ் போயிருந்தால் ஃபியூஸ் போகும், ஃபேனும் நின்றுவிடும். கெடும்போதும் ஃபேன் ஓடும் பக்கமாகவே கெடட்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஃபேன் கரண்டை நேராகத் தெர்மோ சுவிட்ச் வழியாகவே விடலாமே, ரிலே எதற்கு என்று மச்சான் கேட்டான். சில சுவிட்சுகள் அந்தக் கரண்டைத் தாங்கும்படியே செய்யப்பட்டிருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் தொடர்பு சின்னது. ஃபேன் கிளம்பும்போது ஏறும் கரண்டில் அது பொரிந்து பொரிந்து, ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும் அல்லது சேராமலே போகும். ரிலே எளிதில் கிடைக்கும் சாமான், ரோட்டோரத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். தெர்மோ சுவிட்சை மாற்ற வேண்டுமென்றால் கூலண்டை இறக்க வேண்டும்.

சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓட வேண்டுமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. எஞ்சினை நிறுத்தியதும் பம்ப் நின்று, ஹெட்டின் சூடு அங்கேயே தங்கும். ஃபேன் ஓடினால் ரேடியேட்டர் ஆறும், ஆனால் தண்ணீர் சுற்றாததால் ஹெட்டுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. பேட்டரிதான் இறங்கும். நாங்கள் இக்னிஷனோடு அணைவதையே வைத்துக்கொண்டோம். கடும் ஓட்டத்துக்குப் பிறகு ஃபேன் நிற்கும்வரை ஐட்லிங்கில் விட்டு, அப்புறம் சாவியைத் திருப்புவது மேல்.

கூலண்ட் ஊற்றும்போது தோப்பு போர் தண்ணீரைத் தொடவே இல்லை. எங்கள் பக்கத்து போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சுவிட்சின் மூக்கிலும் படியும். மூக்கில் படிந்தால் சுவிட்ச் தாமதமாகத்தான் சூட்டை உணரும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். காற்றை வெளியேற்ற, வண்டியை வாய்க்கால் கரைச் சரிவில் ஊற்றும் வாய் எல்லாவற்றுக்கும் மேலே வரும்படி நிறுத்தி, மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் பிசைந்துகொண்டே இருந்தோம். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிட்டோம். வால்வு திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கியது. இறங்கிய அளவுக்கு ஊற்றி, குமிழ் அடங்கிய பிறகு மூடினோம். சூடான எஞ்சினின் மூடியைத் திறக்கவே கூடாது. நாங்கள் திறந்து வைத்தது குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கியதால்தான்.

பிறகு நிற்கவைத்தே ஓடவிட்டுப் பார்த்தோம். அகச்சிவப்புத் தெர்மாமீட்டரைப் பித்தளை இணைப்பின்மேல் காட்டினால் 50 சொச்சம் என்று காட்டியது, கை வைத்தாலோ சுட்டது. பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி எப்போதும் குறைத்துத்தான் காட்டும். கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் காட்டியதும் 81 வந்தது. மூன்று நான்கு டிகிரி வெளிச்சுவரில் குறையும் என்று சேர்த்துக்கொள்ளலாம். டேப்பின்மேல் 89, 90 காட்டும்போது ரிலே டிக் என்றது, ஃபேன் கிளம்பியது. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடி 83இல் நின்றது. பாத்திரத்தில் பார்த்த 93-86 கணக்கோடு இது ஒத்துப்போகிறது. ஃபேன் ஓடும்போது பேட்டரி முனையில் 13.6 வோல்ட், ஃபேன் முனையில் 13.3. ஒயரில் இழப்பு அவ்வளவுதான். ஒரு வோல்ட்டுக்குமேல் இழந்தால் எங்கோ லக் சரியாக நசுக்கப்படவில்லை அல்லது ஏர்த் சரியில்லை என்று அர்த்தம்.

டேஷ்போர்டில் ஒரு கை சுவிட்சையும் வைத்திருக்கிறோம். அது தெர்மோ சுவிட்சுக்குப் பக்கவாட்டில், அதே 85ஆம் முனையை ஏர்த் செய்யும் சுவிட்ச். தெர்மோ சுவிட்சோ அதன் ஒயரோ கெட்டால் தோப்பிலிருந்து வீடு வந்து சேர உதவும். அதோடு ஃபேனுக்குக் கரண்ட் போகும்போது எரியும் ஒரு சின்னப் பச்சை விளக்கு. எஞ்சின் சத்தத்தில் ஃபேன் ஓடுகிறதா என்று காதால் தெரியாது. அதற்கு அந்த விளக்கு வேண்டும்.

கத்திரி வெயிலில் மதியம் ஒரு மணிக்குத் தோப்பின் நீள வரப்போரம் இரண்டாவது கியரில் ஓட்டிப் பார்த்தோம். நிழலிலேயே 39 டிகிரி. பச்சை விளக்கு எரிவதும் அணைவதும் நின்றபாடில்லை, ஆனால் எரிந்த நேரத்தைவிட அணைந்த நேரம் குறையவே இல்லை. தரிசில் வேகமாக விட்டபோது விளக்கு அணைந்தே கிடந்தது, காற்றே ஆற்றிக்கொண்டது. ஈரமண்ணில் பின் சக்கரம் சுற்றிச் சுற்றி நின்ற இடத்தில் மட்டும் ஃபேன் தொடர்ந்து ஓடியது, அப்போதும் மீட்டர் முள் முக்கால் பாகத்தைத் தாண்டவில்லை. அங்கே ஃபேன் இழுக்கும் காற்றில் ஒரு பகுதி ரேடியேட்டரின் ஓரங்களைச் சுற்றி வந்துவிடுகிறது. அடுத்ததாக ஃபேனைச் சுற்றித் தகட்டில் ஒரு கூண்டு அடித்து, ரேடியேட்டரின் விளிம்பு முழுவதும் ரப்பர் பட்டை ஒட்டப்போகிறோம். மூக்கின் உட்பக்க அளவுகளை அட்டையில் வெட்டி எடுத்தாகிவிட்டது, தகடு வெட்டக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.